கணிப்பொறியும் கடலில் மூழ்கிய தளமும்

பாலமோ விமானமோ உருப்பெறும் முன்னரே அதன் வலிமையைக் கணிப்பொறியில் சோதித்தறியும் மென்பொருள்கள் இன்று பொறியாளர்க்கு அன்றாடக் கருவிகளாகிவிட்டன. பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், “மகன் சிமுலேஷன் வேலை பார்க்கிறான்” என்று பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். அஃது யாதெனச் சிறிது காண்போம்.

சிக்கலான வடிவுடைய பொருள் சுமையைத் தாங்கும் விதத்தை ஒரே சமன்பாட்டால் கூறிவிட இயலாது. ஆகவே அதனைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் எளிய சமன்பாடுகள் அமைத்து, யாவற்றையும் இணைத்துத் தீர்க்கின்றனர். அமெரிக்கப் பேராசிரியர் ரே கிளஃப் 1960-ஆம் ஆண்டில் இம்முறைக்கு வழங்கிய பெயரை ‘வரம்புறு கூறு முறை’ எனத் தமிழாக்கலாம். நீர், காற்று இவற்றின் ஓட்டத்தையும் வெளியைக் கட்டங்களாகப் பகுத்து இவ்வாறே கணிக்கின்றனர்.

பகுப்பதில் பிழை நேரின் விளைவு என்ன? நார்வே நாட்டில், ஸ்லைப்னர் என்னும் கடல் எரிவாயுத் தளத்திற்காக 24 அறைகள் கொண்ட கான்கிரீட் அடித்தளம் ஒன்று கட்டப்பட்டது. 1991 ஆகஸ்டு 23 அன்று, ஸ்டாவஞ்சர் நகருக்கருகே அதனை நீரில் தாழ்த்திச் சோதித்தபோது, சுமார் 65 மீட்டர் ஆழத்தில் சுவரொன்று பிளந்தது. உட்புகுந்த நீரை இறைத்து மாளவில்லை. உள்ளிருந்தோர் உயிர் தப்பினர். அடித்தளமோ மூழ்கி நொறுங்கியது. இழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர்.

கணக்கிட உதவிய நாஸ்ட்ரான், விண்வெளித் துறைக்கென உருவாகிப் பெயர்பெற்ற மென்பொருள். ஆயினும் அறைச் சுவர்கள் கூடும் மூலைகளை வடிவமைப்பாளர்கள் போதிய நுட்பமின்றிப் பெருங்கூறுகளாகப் பகுத்திருந்தனர். அதனால் அங்கு எழும் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது. சுவர் மெலிந்தது, உள்ளிட்ட கம்பிகளும் போதவில்லை. பின்னர் நுணுக்கமாகப் பகுத்துக் கணித்தபோது, 62 மீட்டரிலேயே சுவர் உடையும் என அதே முறை காட்டிற்று! புதிய அடித்தளத்தைக் கைக்கணக்கையே முதன்மையாகக் கொண்டு வடிவமைத்து, 1993-இல் முடித்தனர்.

மொழிபெயர்ப்பாளராகிய நாம் இதனை நன்குணர்வோம். மொழிபெயர்ப்பு தடையின்றி ஓடுவதால் மட்டும் அது மூலத்திற்கு நேரென்று ஆகிவிடாது. ஒப்புநோக்கியே தீர வேண்டும். அவ்வாறே கூறுகளை மேலும் சிறிதாக்கி, விடை மாறுகிறதா எனப் பார்த்தல் வேண்டும்; தோராயமாகக் கையாலும் கணக்கிடல் வேண்டும். திரையில் தோன்றும் வண்ணப் படம் எத்துணை அழகாயினும், இவ்விரண்டையும் செய்த பின்னரே நம் இளைஞர்கள் அதில் கையொப்பமிடுவாராக.