பீர் பீப்பாய் அளந்த ஸ்டேஷன்

லண்டன் செயின்ட் பான்க்ராஸ் ஸ்டேஷன்னு சொன்னா, முன்னாடி நிக்கிற சிவப்புச் செங்கல் ஹோட்டலைத்தான் எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைச்சது, 1873ல் திறந்தது. அழகுதான், கொஞ்சம் ஓவர் அழகு! எனக்குப் பிடிச்சது பின்னாடி இருக்கிற கூரை.

1868ல் வில்லியம் பார்லோ என்ற பொறியாளர் போட்டது. அகலம் சுமார் 73 மீட்டர், நடுவில் ஒரு தூண்கூட கிடையாது. அப்போ வளைவோட ரெண்டு காலும் வெளிப்பக்கம் விலகாதா? விலகாது. பிளாட்பாரத்துக்கு அடியில் போற இரும்பு உத்தரங்கள் இழுத்துப் பிடிச்சிருக்கு. அதுக்கும் கீழே, பர்ட்டன் ஊர்ல இருந்து வர்ற பீருக்குக் குடோன். அங்கே தூணுக்குத் தூண் எவ்வளவு இடைவெளின்னு முடிவு பண்ணதே பீர் பீப்பாயோட அளவுதான்.

ஹோட்டல் பாவம். அறைக்கு அறை பாத்ரூம் இல்லை, 1935ல் மூடிட்டாங்க. பிறகு ரயில்வே ஆபீஸ். பக்கத்து யூஸ்டன் ஸ்டேஷனோட பிரமாண்ட நுழைவாயிலை 1960களின் தொடக்கத்தில் இடிச்சாச்சு. அடுத்து இதுவும் போகும்ங்கிற நிலைமை. கவிஞர் ஜான் பெட்ஜமனும் விக்டோரியன் சொசைட்டியும் விடாம மல்லுக்கட்டினாங்க. 1967ல் முதல் தரப் பாதுகாப்பு கிடைச்சது. 2011ல் ஹோட்டலும் மறுபடி திறந்துச்சு.

இன்னைக்குப் பாரிஸ் ரயிலுக்குக் காத்திருக்கிறவங்க உட்கார்ந்திருக்கிறது அந்தப் பழைய பீர் குடோன்லதான்.