மஞ்சப்பைக்கு ஆர்டர் எங்கே?



பசுமைப் பொருளாதாரம் வந்தால் நாடு வளரும், வேலை பெருகும் என்கிறார்கள். நம் கையில் இருக்கிற துணிப்பையை வைத்தே அதைப் பார்த்துடுவோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. துணி வெட்ட ஒருத்தி, தைக்க ஒருத்தி, அச்சுப் போட ஒருத்தி என்று ஒரு பைக்குள்ள மூணு பேரோட கூலி இருக்கு. அதனால வேலை பெருகும்னு சொல்றது பொய்யில்ல.

ஆனா கடைக்காரர் கணக்கு வேற. பிளாஸ்டிக் பை அவருக்குச் சில பைசா, நம்ம பை பல ரூபாய். தடையை மீறி அது கடைக்கு வரும்வரை நம்மைத் தேடி வரமாட்டார். நமக்கு நிலைத்த ஆர்டர் தாம்பூலப் பைதான். அதுக்கும் ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் கிடையாது; கடன் தவணை மட்டும் நிக்காது! மெஷினுக்குக் கடன் தரேன்னு வர்றவங்ககிட்ட, முதல்ல ஆர்டர் எங்கேன்னு கேளுங்க.

அரசு அலுவலகங்கள், பள்ளிகளுக்கு வேண்டிய பைகளை அந்த ரெண்டு மாசத்தில் நம்மிடம் வாங்கணும். கூட்டமைப்பு மொத்தமாக ஆர்டர் எடுத்துக் குழுக்களுக்குப் பிரித்துத் தரணும். இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுட்டே இன்னைக்குக் கலைவோம்.