வாடகை வீடும் நம்ம தீர்மானப் புத்தகமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு வராது. ஊக்குநர் அக்கா, "நீ பட்டதைச் சொல்லு, அது போதும்"னாங்க. அதைச் சொல்றேன்.

11 வருஷம் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். முன்னறையில் தையல் மிஷின், உள்ளே நாங்க நாலு பேர். போன வருஷம் வீட்டுக்காரம்மா வந்து, "பையன் குடும்பத்தோட இங்கேயே வந்துடறான், ஒரு மாசத்துல காலி பண்ணிடும்மா"ன்னாங்க. பொண்ணுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, மூணு மாசம் கொடுங்கம்மான்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. மறுவாரம் மோட்டார் ரூமைப் பூட்டிட்டாங்க. அட்வான்ஸைக் கேட்டா, "எங்க வீட்டுக்காரர் ரூ.20,000தானே வாங்கினார்"ன்னாங்க. நான் கொடுத்தது ரூ.40,000. வாங்கினவர் உயிரோட இல்லை. என் கையில் ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

குழுக் கூட்டத்தில் அழுதுட்டேன். தலைவி ஒண்ணும் பேசாம பழைய தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாங்க. அதில் இருந்தது: வீட்டு அட்வான்ஸ் கட்ட எனக்கு உள்கடன் ரூ.40,000. கீழே 12 பேர் கையெழுத்து.

அடுத்து தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காம இலவசமா உதவி செய்யறாங்க. வக்கீலம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். நகரங்களுக்கான புது வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. சொந்த உபயோகத்துக்கு வேணும்னு வீட்டுக்காரர் கேட்கலாம். ஆனா வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் காலி செய்ய வைக்க முடியும். தண்ணி, கரண்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினா வாடகை அதிகாரியிடம் புகார் தரலாம். அதே சமயம், "எழுத்து ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டியும் உங்களை வெளியேற்றக் கேட்கலாம்"னு எச்சரிச்சாங்க. அது எனக்குத் தெரியவே தெரியாது.

மறுநாள் தலைவியும் நானும் புத்தகத்தோட வீட்டுக்காரம்மாகிட்டப் போனோம். சண்டை போடலை. அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "அவர் என்கிட்ட எதையும் சொல்றதில்லை"ன்னு கண் கலங்கினாங்க. சாயங்காலமே தண்ணி வந்தது. மூணு மாசம் தந்தாங்க. காலி செய்த அன்னிக்கு முழுப் பணத்தையும் கையில் வச்சாங்க. பையனும் நிஜமாவே குடி வந்துட்டார். அவங்க தேவை பொய்யில்லை. என் பணமும் பொய்யில்லை.

பொண்ணு பரீட்சையை அதே வீட்டிலிருந்து எழுதினா.

சகோதரிகளே, வாடகை வீட்டில் இருக்கிறவங்க இந்த நாலையும் செய்யுங்க. ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்க. வாடகைக்கு ரசீது கேளுங்க, இல்லைன்னா பேங்க் வழியாக் கொடுங்க. வாடகை வாங்க மறுத்தா சும்மா இருக்காதீங்க, மணியார்டரில் அனுப்புங்க. பாக்கிதான் முதல் குற்றச்சாட்டா வரும். அட்வான்ஸுக்குக் கடன் எடுத்தா, எதுக்குன்னு தீர்மானத்தில் தெளிவா எழுதச் சொல்லுங்க.

தீர்மானம் எழுதறப்ப, "சீக்கிரம் முடிங்க, சமைக்கணும்"னு அலுத்துக்கிட்டவ நான். இப்போ முதல் ஆளா உட்கார்ந்து கையெழுத்துப் போடறேன்.