கணினிக்கு முன்னால் நம் பிள்ளைகள்



தோட்டத்து வீடுகளில் இப்போது ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. "மகன் என்ன செய்கிறான்?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்" என்று தாய்மார்கள் பெருமையோடு சொல்கிறார்கள். "அங்கே என்ன வேலை?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் பதில் வருவதில்லை. "உட்கார்ந்த வேலைதான்" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த உட்கார்ந்த வேலையைப் பற்றி, அதைச் செய்கிற பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்பதை இன்று உங்களோடு பேசலாம் என்று வந்திருக்கிறோம். நம்மிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது பள்ளி ஐந்தடியில் உட்கார்ந்து சொன்னவைதாம் இதில் பெரும்பாலும்.

முதலில் மென்பொருள் என்றால் என்ன? கணினி சொன்னதைச் செய்யும்; சொல்லாததைச் செய்யாது. அதற்குச் சொல்ல வேண்டியதை ஒரு வரி பிசகாமல் எழுதி வைப்பதுதான் மென்பொருள். வங்கியில் பணம் எடுக்கும் இயந்திரத்திலும், விமான நிலையத்தில் சீட்டுப் பார்க்கும் மேசையிலும், ஆலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரியை நிறுக்கும் தராசின் கணக்கிலும் யாரோ எழுதிய அந்த வரிகள்தாம் வேலை செய்கின்றன.

நம் நாட்டில் இத்தொழிலுக்கென்று ஒரு நகரமே உண்டு. மல்டிமீடியா சூப்பர் காரிடார் என்ற திட்டம் 1996-இல் தொடங்கியது. அதன் நடுவில் சைபர்ஜெயா எழுந்தது. பக்கத்தில் இருக்கும் புத்ராஜெயா ஒரு காலத்தில் பிராங் பெசார் ரப்பர் தோட்டம். பி.பி. என்ற எழுத்துகளோடு வரும் ரப்பர் கன்றுகளை நம் பெரியவர்கள் நட்டிருப்பார்கள், அந்த பி.பி. என்பது பிராங் பெசார்தான். பால்மரம் நின்ற அந்த வட்டாரத்துக்கு இன்று நம் பிள்ளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். இதைச் சொன்னால் அவர்கள் சிரிக்கிறார்கள். பல பேருக்கு இது தெரியாது.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம் பழைய மாணவன் ஒருவன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து வீட்டுக்கே வந்துவிட்டான். குலை வெட்டும் தகப்பனார் அன்றுதான் மகன் வேலை செய்வதை முதன்முதலில் பார்த்தார். காலை ஒன்பது மணிக்குத் திரையில் எட்டுப் பேர் முகம் தெரிந்தது. ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எதில் சிக்கிக்கொண்டேன் என்று இரண்டு நிமிடம் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்த தகப்பனார், "அட, உங்களுக்கும் பெரட்டு உண்டா!" என்றாராம். உண்டுதான். நின்றுகொண்டே பேசி முடிப்பதால் அதற்கு ஸ்டாண்ட்-அப் என்று பெயர். இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று பங்கு பிரித்துக்கொண்டு, முடிந்ததையும் முடியாததையும் கணக்குப் பார்ப்பார்கள். நிரை பிரித்துக் கொடுப்பது போலத்தான்.

பிறகு தகப்பனார் கேட்டதுதான் நல்ல கேள்வி. "நான் வெட்டிய குலையை எண்ணிவிடலாம். உன் வேலையை எப்படி எண்ணுவார்கள்?" பையனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலருடைய மனக்குறைக்கும் வேர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நூறு வரி எழுதியவன் அதிகம் உழைத்தவன் என்று சொல்ல முடியாது. மூன்று நாள் தேடி ஒரே ஒரு வரியைத் திருத்தியவன் நிறுவனத்தையே காப்பாற்றியிருப்பான். எண்ண முடியாத வேலையை எண்ணப் பார்க்கும்போது சண்டை வருகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் பல ஆண்டுகள் ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறந்தவர், இத்தனை பேர் பின்தங்கியவர் என்று கட்டாயமாக வரிசைப்படுத்தினார்கள். குழு முழுக்க நன்றாக உழைத்தாலும் யாராவது கடைசியில் நிற்க வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரனுக்கு உதவினால் நாம் கீழே போவோம் என்று ஊழியர்கள் நினைக்கத் தொடங்கினார்கள். கடைசியில் 2013 நவம்பரில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

இன்னொரு குறை, வேலை தாமதமானால் வருவது. தோட்டத்தில் வேலை தேங்கினால் பத்துப் பேருக்கு இருபது பேரை இறக்கினால் தீர்ந்தது. மென்பொருளில் அது செல்லாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய வேலை ஒன்றை நடத்திய பிரெட்ரிக் புரூக்ஸ் என்பவர் 1975-இல் வெளிவந்த தம் நூலில் இதை விளக்கினார். தாமதமான வேலைக்குப் புது ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்றார். காரணம் எளியது. புதிதாக வருபவனுக்குப் பழையவன்தான் எல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவன் கை வேலை நின்றுவிடும். இது தெரிந்தும் நாள் குறித்துவிட்டு நெருக்கும் மேலாளர்கள் உண்டு. அப்போது பழைய ஆட்கள் இரவெல்லாம் உட்காருகிறார்கள்.

ஆனால் பிள்ளைகள் குறை மட்டும் சொல்லவில்லை. நாள்தோறும் ஏதாவது கற்றுக்கொள்கிறோம் என்கிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்துத் திருத்துவது வழக்கம். நல்ல மூத்தவர் கிடைத்தால் அது பள்ளிக்கூடம் போல இருக்கும் என்றான் ஒருவன். ஆசிரியரான நமக்கு அது கேட்கச் சுகமாக இருந்தது. வெளியூர்ச் சம்பளம், வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி, மழை வெயில் இல்லாமை, இவையும் சிறிய காரியங்கள் அல்லவே.

சம்பளத்தைப் பற்றிப் பெற்றோர் அறியாத ஒன்று உண்டு. 2023 சனவரி முதல் நாளிலிருந்து வேலைச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரமே வேலை, முன்பு 48. அதற்கு மேல் உழைத்தால் மிகைநேரச் சம்பளம் உண்டு. ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவருக்கு மிகைநேரச் சம்பளமோ ஆட்குறைப்பு இழப்பீடோ அச்சட்டத்தின்படி கட்டாயம் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. உடலுழைப்பாளியான தகப்பனுக்கு இருக்கும் மிகைநேர உரிமை, 6,000 வெள்ளி வாங்கும் மகனுக்கு இல்லை! ஆகவே பிள்ளை கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை இரண்டு தரம் படிக்கச் சொல்லுங்கள்.

வேலை போவதும் உண்டு. 2023 சனவரியில் கூகிளின் தாய் நிறுவனம் 12,000 பேரையும், மைக்ரோசாப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. விடிகாலையில் வந்த மின்னஞ்சலைப் பார்த்துத் தங்கள் வேலை போனதைத் தெரிந்துகொண்ட கூகிள் ஊழியர்கள் இருந்தார்கள். நம் நாட்டில் வேலை இழந்தவருக்கு சொக்சோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் இருக்கிறது. 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு அது கிடைக்காது. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருக்கும் பிள்ளைக்கு அந்த 60 நாள் ஓடிவிடும். அதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இனி, நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கெட்டிக்கார மாணவி ஒருத்தி. மேற்படிப்புக்கு என்ன எடுக்கலாம் என்று அவள் தாயார் நம்மிடம் கேட்டபோது, "கணினி எடுக்கட்டும் அம்மா, உட்கார்ந்த வேலை, கஷ்டமே இல்லை" என்றோம். அவளும் படித்தாள், வேலைக்கும் போனாள். அவள் இருந்த பிரிவில் முறை வைத்து இரவில் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். எங்காவது கணினி நின்றுபோனால் மணி அடிக்கும். இரண்டு மணியானாலும் எழுந்து சரி செய்ய வேண்டும். 2024 சூலை 19-ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய பழுதான ஒரு திருத்தத்தால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையத்திலும் பயணிகள் வரிசையில் நின்றார்கள். பல கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை பிற்பகலில் தொடங்கிய வேலை அவளுக்கு ஞாயிறு காலை முடிந்தது.

அடுத்த மாதம் வீட்டுக்கு வந்து, "வேலையை விடப்போகிறேன்" என்று அழுதிருக்கிறாள். தாயார் கோபப்பட்டார். "நான் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, கொசுக்கடியில் மரம் வெட்டினேன். நீ குளிர்சாதன அறையில் உட்கார்ந்துகொண்டு அழுகிறாயா? வாத்தியாரே சொன்னாரே, கஷ்டம் இல்லை என்று!" அந்தப் பெண் நேரே நம் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை. "சார், அம்மாவிடம் நீங்களே வந்து சொல்லுங்கள்" என்றாள்.

போனோம். தாயாரிடம் சொல்வதற்கு நமக்கு வேறு வழி தெரியவில்லை. "மழைக்காலத்தில் மரம் வெட்டிவிட்டு வந்து படுத்த பிறகும், மழை வந்து மங்கில் பால் கெட்டுப்போகுமோ என்று காது வானத்திலேயே இருக்குமே, அந்த மாதிரித் தூக்கம் உங்கள் மகளுக்கு மாதத்தில் பத்து நாள்" என்றோம். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்த் தேநீர் கலந்து மகளுக்கு முதலில் கொடுத்தார்.

அந்தப் பெண் வேலையை விடவில்லை, மாற்றிக்கொண்டாள். சம்பளம் 700 வெள்ளி குறைவு. இரவு முறை இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம் மட்டும். புதிய வேலைத் தாளில் அதை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே கையெழுத்துப் போட்டாளாம். தாயார் முன்பெல்லாம் தொலைபேசியில் "பணம் அனுப்பினாயா?" என்று தொடங்குவார். போன வாரம் கோயில் வாசலில் பார்த்தோம். மகளோடுதான் பேசிக்கொண்டிருந்தார். "இந்த வாரம் உன் முறையா? இல்லையென்றால் கைப்பேசியைச் சமையலறையில் வைத்துவிட்டுத் தூங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.