மலையும் தென்னையும் பல்லும்

பழனியிலிருந்து பாலசமுத்திரத்திற்குப் பேருந்தில் செல்கிறீர்கள். சாலையோரத் தென்னை பின்னோக்கி ஓடுகிறது. தொலைவிலுள்ள மலையோ உங்களுடனேயே வருவது போலத் தோன்றுகிறது. தாடைக்குள் புதைந்த பல்லைப் பல் மருத்துவர் தேடுவதும் இத்தோற்றத்தைக் கொண்டுதான்.

மேல் கோரைப்பல் பெரும்பாலும் 11, 12 வயதில் முளைக்கும். சிலருக்கு அது எலும்பினுள்ளேயே தங்கிவிடுகிறது. எக்ஸ் கதிர்ப் படத்தில் அப்பல் தெரியும். ஆனால் அது இருப்பது உதட்டுப் பக்கமா, அண்ணத்துப் பக்கமா? நிழலுக்கு ஆழம் ஏது! பக்கம் தவறிக் கீறினால் அயற்பல்லின் வேருக்கே கேடு வரலாம்.

1910-இல் கிளார்க் என்பார் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். கதிர்க்குழாயைப் பக்கவாட்டில் சற்று நகர்த்தி இரண்டாம் படம் எடுக்கவேண்டும். அயற்பல்லின் வேரோடு ஒப்பிடுங்கால், புதைந்த பல் குழாய் சென்ற திசையிலேயே நகர்ந்திருப்பின் அது அண்ணத்துப் பக்கம். நம் மலையைப் போல. எதிர்த்திசையில் நகர்ந்திருப்பின் உதட்டுப் பக்கம், தென்னையைப் போல. இன்று முப்பரிமாணப் படமும் உண்டு. அதற்குக் கதிரும் செலவும் பெரும்பாலும் மிகுதி.

இன்னொன்று. கீழ்த்தாடையில் நரம்பு வெளிவரும் இயற்கைத் துளை ஒன்றிருக்கிறது. அதன் கருநிழல் வேர்நுனியில் விழுந்தால் சீழ்க்கட்டி போலவே காணும். இரண்டாம் படத்தில் அந்நிழல் வேர்நுனியை விட்டு விலகினால், அது வேரைப் பற்றிய நோயன்று. நல்ல பல்லொன்று பிழைத்தது!