ஏதென்ஸ் நகரத்து ஆலயங்களும் ஆடுகளங்களும்



கிரேக்க நாட்டின் தலைநகரான ஏதென்ஸுக்குப் போகிறவர்களில் பலர், பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் ஒரு பஸ்ஸில் ஏறி, அக்ரோபொலிஸ் குன்றின் அடிவாரத்தில் இறங்கி, பார்த்தினான் ஆலயத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மறுபடியும் பஸ்ஸில் ஏறி, சலவைக்கல் ஸ்டேடியத்தின் வாசலில் சற்று நின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான். ஆனால் இவ்விதம் பார்க்கிறவர்களுக்கு, ஆலயம் வேறு, நாடகசாலை வேறு, ஓட்டக்களம் வேறு, தத்துவ ஞானிகளின் பள்ளி வேறு என்று ஊரே துண்டு துண்டாகத் தோன்றிவிடுகிறது. உண்மையிலோ இவையெல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில், ஒரே ஜன சமூகத்துக்காக, சில வேளைகளில் ஒரே மனிதரின் முயற்சியால் நிர்மாணிக்கப்பட்டவை. அந்தச் சம்பந்தத்தைக் கண்டுகொள்வதற்குக் காலால் நடப்பதைத் தவிர வேறு உபாயம் இல்லை என்பது என் திடமான அபிப்பிராயம்.

நடையைக் குன்றின் அடியில் தொடங்கக் கூடாது. ஊரின் வடமேற்கே, கெராமெய்க்கோஸ் என்னும் புராதன மயானத்தை ஒட்டி, டிபிலோன் என்ற பழைய கோட்டை வாயிலின் அஸ்திவாரங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. அங்கேதான் தொடங்க வேண்டும். நகரத்துக்குத் தலைவியான அதீனா தேவிக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை எடுத்த பெரிய பானதினேய உற்சவத்தில், தேவிக்குச் சாத்துவதற்காக நெய்த புதிய ஆடையுடன் ஊர்வலம் புறப்பட்டது இந்த வாயிலிலிருந்துதான். அது அகோரா என்ற கடைவீதிச் சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்து குன்றின் மேல் ஏறியது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அதே வழியில் இன்றும் பெரும்பகுதி நடக்கலாம். இடையில் மின்சார ரயில் பாதை ஒன்று அகோராவின் ஓரத்தை அறுத்துக்கொண்டு போவதால் மட்டும் கொஞ்சம் சுற்றிக்கொள்ள நேரிடும்.

இந்த ஊர்வலப் பாதையே ஒரு பந்தயப் பாதையாகவும் இருந்தது என்பதை நடக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முழு வேகத்தில் ஓடும் ரதத்திலிருந்து கவசம் தரித்த வீரன் ஒருவன் கீழே குதித்து, ரதத்தோடு கூடவே ஓடி, மறுபடியும் அதில் தாவி ஏறும் அபூர்வமான போட்டி ஒன்று இங்கே நடந்தது. உற்சவத்தை ஒட்டி ஓட்டமும் மல்யுத்தமும் குதிரைப் பந்தயமும் நடந்தன. வென்றவர்களுக்குப் பரிசு, தேவிக்குரிய ஆலிவ் மரங்களிலிருந்து ஆட்டிய எண்ணெய். அந்த எண்ணெயை நிரப்பிக் கொடுத்த பெரிய ஜாடிகள் பலவற்றை இன்று அருங்காட்சியகங்களில் காணலாம். ஒரு பக்கத்தில் வேலும் கேடயமும் ஏந்திய அதீனா. திருப்பிப் பார்த்தால் மறு பக்கத்தில், எந்தப் போட்டிக்காக அந்த ஜாடி கொடுக்கப்பட்டதோ அந்தப் போட்டியின் சித்திரம். ஓடுகிறவர்களானால் முழங்கால் உயர்ந்து கை வீசிக்கொண்டிருக்கும். மல்லர்களானால் தலையோடு தலை முட்டி நிற்பார்கள். தெய்வமும் விளையாட்டும் ஒரே மண்பாண்டத்தின் இரு பக்கங்களில் இருப்பதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டு ஊருக்குள் நடந்தால், மற்றவை தாமே விளங்கிவிடும்.

அக்ரோபொலிஸைப் பற்றி அநேகர் அநேகவிதமாகப் பேசிவிட்டார்கள். கி.மு. 447-இல் பெரிக்ளிஸின் காலத்தில் தொடங்கிய பார்த்தினான் பின்னாட்களில் மாதா கோயிலாகவும் மசூதியாகவும் இருந்ததும், 1687-இல் துருக்கியர் அதனுள் வெடிமருந்தைச் சேமித்து வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியதும் நேயர்கள் அறிந்த சரித்திரமே. நான் சொல்ல விரும்புவது ஆலயத்தைச் சுற்றி ஓடிய சிற்ப வரிசையைப் பற்றி. நாம் நடந்து வந்த அதே ஊர்வலத்தைப் போன்றதொரு ஊர்வலமே அதில் செதுக்கப்பட்டிருக்கிறது என்பது அறிஞர்களில் பெரும்பாலோருடைய கருத்து. குதிரை வீரர்களும், ரதத்திலிருந்து குதிக்கும் அந்த வீரர்களும் அதிலே இருக்கிறார்கள். அதில் பெரும் பங்கை எல்ஜின் என்ற பிரிட்டிஷ் பிரபு பெயர்த்துக்கொண்டு போனார். அது இப்போது லண்டனில் இருக்கிறது. குன்றின் கீழே 2009-இல் திறந்த புதிய அருங்காட்சியகத்தின் மேல்மாடியில், எஞ்சிய அசல் கற்களையும், லண்டனில் உள்ளவற்றுக்குப் பதிலாக வார்த்த சுண்ணச் சாந்துப் பிரதிகளையும் வரிசை பிறழாமல் பொருத்தி வைத்திருக்கிறார்கள். அசல் கல் தேன் நிறம். பிரதி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒரு குதிரையின் உடல் ஒரு நிறமாகவும் அடுத்த குதிரை வேறு நிறமாகவும் மாறி மாறி வருவதை அருகில் நின்று பார்க்கிற எவருக்கும், அந்தக் கற்கள் தம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நியாயத்தை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

குன்றிலிருந்து இறங்கும்போது காலடியையும் கவனிக்க வேண்டும். அக்ரோபொலிஸின் மேற்கிலும் எதிரேயுள்ள பிலோபாப்பஸ் குன்றிலும் செல்லும் நடைபாதைகளை 1954 முதல் 1957 வரை அமைத்தவர் டிமிட்ரிஸ் பிக்கியோனிஸ் என்ற கட்டடக் கலைஞர். நகரத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்த பழைய வீடுகளின் கற்களையும் ஓட்டுத் துண்டுகளையும் பொறுக்கிச் சேர்த்து, கோலம் போல அவற்றைப் பதித்துப் பாதையாக்கினார் அவர். நடக்கிறவனுக்கு மரியாதை செய்யவேண்டும் என்று நினைத்த மனிதர் அவர் என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது.

தெற்குச் சரிவில் இரண்டு அரங்கங்கள் இருக்கின்றன. கிழக்கே இருப்பது, ஈஸ்கிலஸும் சோபோக்கிளிஸும் நாடகப் போட்டியில் கலந்துகொண்ட டயோனிஸஸ் அரங்கம். அவர்கள் காலத்தில் மரப்பலகைகளில் உட்கார்ந்து பார்த்த அந்த இடத்தைக் கல்லால் கட்டி முடித்தவர், கி.மு. நான்காம் நூற்றாண்டில் நகரத்தின் பொக்கிஷத்தை நிர்வகித்த லைகர்கஸ். மேற்கே இருப்பது, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹெரோடிஸ் அட்டிகஸ் என்னும் பெருந்தனவந்தர் காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாகக் கட்டிய சங்கீத மண்டபம். நம் காலத்திலும் கோடையில் அங்கே கச்சேரிகள் நடந்து வந்திருக்கின்றன. லைகர்கஸ், ஹெரோடிஸ் ஆகிய இந்த இரண்டு பெயர்களையும் நேயர்கள் மறக்காமல் இருக்க வேண்டும். சிறிது நேரத்தில் வேறோர் இடத்தில் அவர்களை மறுபடியும் சந்திக்கப் போகிறோம்.

பிளாக்கா என்ற பழைய குடியிருப்பின் சந்துகளில் கிழக்கு நோக்கி நடந்தால், உணவு விடுதிகளின் நாற்காலிகளுக்கு மத்தியில், வட்டமான ஒரு சிறு கல் மண்டபம் உயர்ந்து நிற்கும். பாட்டுக் கோஷ்டிகளின் போட்டியில் தம் செலவில் தயாரித்த கோஷ்டி வென்றதற்காக, பரிசாகக் கிடைத்த முக்காலியை உச்சியில் வைத்து லிஸிக்ரட்டிஸ் என்பவர் கி.மு. 334-ஐ ஒட்டிக் கட்டிய வெற்றிச் சின்னம் அது. ஏதென்ஸ் ஜனங்களுக்குப் பாட்டும் ஒரு பந்தயமே. அதற்கப்பால் ஹாட்ரியன் சக்கரவர்த்தியின் வளைவும், அவர் முடித்து வைத்த ஒலிம்பிய ஸூஸ் ஆலயத்தின் எஞ்சிய பதினைந்து தூண்களும் வருகின்றன. 1852-ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்த பதினாறாவது தூண், அடுக்கு குலையாமல் விழுந்த நிலையிலேயே கிடக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் உள்ள ஸப்பெயோன் மண்டபத்தில் 1896-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் வாட்போட்டிகள் நடந்தன. அங்கிருந்து சாலையைக் கடக்கும்போது நாம் ஓர் ஆற்றையும் கடக்கிறோம். சாக்ரடீஸ் தம் நண்பரோடு எதன் கரையில் மரநிழலில் அமர்ந்து சம்பாஷித்தார் என்று பிளேட்டோ எழுதினாரோ, அந்த இலிஸ்ஸோஸ் நதி தார்ச்சாலைக்கு அடியில் மறைந்துவிட்டது.

சாலையின் மறு புறத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே, கொண்டை ஊசியைப் போல நீண்டு வளைந்து, முழுவதும் சலவைக்கல்லாலான ஸ்டேடியம். கி.மு. 330-ஐ ஒட்டிப் பானதினேய விளையாட்டுகளுக்காக இந்தப் பள்ளத்தாக்கை ஓட்டக்களமாக்கியவர் யார்? நாடக அரங்கத்தைக் கல்லால் கட்டிய அதே லைகர்கஸ். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அதன் ஆசனங்களையெல்லாம் பென்டெலி மலைச் சலவைக்கல்லால் அமைத்தவர் யார்? சங்கீத மண்டபம் கட்டிய அதே ஹெரோடிஸ். அவரை அடக்கம் செய்ததும் இந்த ஓட்டக்களத்திலேயே என்று பண்டைய நூலாசிரியர் பிலோஸ்ட்ரட்டஸ் எழுதுகிறார். இடைக்காலத்தில் அந்தக் கற்கள் பறிபோய், மண்மேடாகக் கிடந்த இடத்தை, 1896-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை முன்னிட்டு, அலெக்ஸாந்திரியாவில் வியாபாரம் செய்து பொருள் ஈட்டிய கிரேக்கரான ஜார்ஜ் அவெரோஃப் தம் பணத்தால் புதுப்பித்துக் கொடுத்தார். அவருடைய சிலை வாசலில் நிற்கிறது.

உள்ளே சென்றால், கட்டணம் செலுத்திய எவரும் ஓட்டப் பாதையில் இறங்கி ஓடலாம், பலர் ஓடுகிறார்கள். முனை வளைவு எவ்வளவு குறுகலானது என்பது இறங்கி ஓடிப் பார்த்தால்தான் விளங்கும். வேகமாக வந்தவன் அங்கே வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முடியாது. அந்த வளைவின் அருகே, அகழ்ந்தெடுத்த இரட்டை முகக் கற்றூண் சிலைகளை நிறுத்தியிருக்கிறார்கள்: ஒரு பக்கம் தாடி வைத்த முகம், மறு பக்கம் தாடியற்ற இளமுகம். 1896 ஏப்ரல் 10-ஆம் தேதி, இந்த அரங்கம் நிறைந்து, இடம் கிடைக்காதவர்கள் சுற்றிலும் உள்ள மேடுகளில் ஏறி நின்றுகொண்டிருக்க, மாரத்தான் கிராமத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் ஓடி வந்தவர்களில் முதல்வனாக உள்ளே நுழைந்தான் மரூஸி என்ற ஊரைச் சேர்ந்த ஸ்பிரிடோன் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்த எளிய மனிதன். கிரேக்க இளவரசர்கள் இருவர் தங்கள் ஸ்தானத்தை மறந்து இறங்கி, அவனோடு கூடவே கடைசித் தூரத்தை ஓடினார்கள். அவன் அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை. 2004 ஒலிம்பிக்கின் பெரிய ஸ்டேடியம் அவனுடைய ஊரான மரூஸியில் இருக்கிறது. அவன் பெயரைத் தாங்கியும் இருக்கிறது. ஆனால் அது நகர மையத்துக்கு வெகு தொலைவு. ரயிலில்தான் போக வேண்டும். அந்த ஆண்டிலும் மாரத்தான் ஓட்டம் முடிந்ததென்னவோ இந்தப் பழைய சலவைக்கல் களத்தில்தான்.

ஸ்டேடியத்திலிருந்து வடக்கே கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடக்கூடிய தூரத்தில், பெரும்பாலோர் தவறவிட்டுவிடும் ஓரிடம் இருக்கிறது. 1996-இல் ஓர் அருங்காட்சியகம் கட்டுவதற்காக அஸ்திவாரம் தோண்டியபோது அகப்பட்ட அது, 2014-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரிஸ்டாட்டில் கி.மு. 335-ஐ ஒட்டித் தம் பள்ளியைத் தொடங்கிய லைஸியம் இதுவே. அங்கே போகிறவர்கள் நூலகத்தையும் பிரசங்க மண்டபத்தையும் எதிர்பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிவதோ மல்யுத்தக் களரியின் அடிச்சுவர்கள்: நடுவில் மண் முற்றம், சுற்றிலும் அறைகள், வியர்வையும் புழுதியும் போகக் குளிப்பதற்கான தொட்டி. இங்கே களரியைக் கட்டி மரங்கள் நட்டவர் என்று நூல்கள் குறிப்பிடுவதும் அதே லைகர்கஸைத்தான்! வாலிபர்கள் தேகத்துக்கு எண்ணெய் பூசி மல்லுக்கு நின்ற இடத்தின் ஓரத்தில், மரநிழலில் நடந்துகொண்டே ஆசிரியரும் மாணாக்கரும் வானத்துக் கோளங்களைப் பற்றியும் மீன்களின் உடலமைப்பைப் பற்றியும் விசாரித்தார்கள். பிளேட்டோவின் கல்விச்சாலையும் இவ்வாறே ஒரு தேகப்பயிற்சிச் சோலையை ஒட்டியதுதான். புத்தியை வளர்க்கும் இடத்துக்கும் புயத்தை வளர்க்கும் இடத்துக்கும் நடுவே மதில் எழுப்பியது பிற்காலத்தவர் செய்த காரியம். இந்தத் தாழ்ந்த சுவர்களின் முன் நிற்கும்போது, அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றாமல் இருப்பதில்லை.

கால்களில் வலு மிச்சம் இருப்பவர்கள் இன்னும் வடக்கே, லிகாவிட்டோஸ் குன்றைச் சுற்றிக்கொண்டு அலெக்ஸாண்ட்ராஸ் சாலைக்கு வர வேண்டும். 1922 முதல் பானதினேய்க்கோஸ் சங்கத்தின் கால்பந்து மைதானம் அங்கே இருக்கிறது. ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை 1971-இல் முன்னேறிய சங்கம் அது. மைதானத்தை அடுத்து, ஆசியா மைனரிலிருந்து உடைமை இழந்து ஓடிவந்த அகதிகளுக்காக 1930-களில் கட்டிய அடுக்கு வீடுகள் வரிசையாக நிற்கின்றன; 1944 டிசம்பரில் தெருச் சண்டை நடந்தபோது பாய்ந்த குண்டுகளின் தழும்புகள் அவற்றின் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வந்த அகதிகள் 1924-இல் ஆரம்பித்த சங்கம்தான் ஊரின் மற்றொரு பெரிய கால்பந்துக் குழுவான ஏ.இ.கே. வீடு இழந்து வந்தவர்கள், தங்கள் வாழ்க்கையை மறுபடி கட்டிக்கொண்டபோது கோயிலோடும் பள்ளியோடும் கூடவே ஓர் ஆட்டக் குழுவையும் கட்டிக்கொண்டார்கள்.

பானதினேய்க்கோஸ் சங்கத்துக்கு நகரத்தின் மேற்கே, வோட்டனிக்கோஸ் என்ற பகுதியில் புதிய மைதானம் அமைப்பதென்றும், அலெக்ஸாண்ட்ராஸ் சாலையிலுள்ள பழைய மைதானத்தை இடித்துப் பூங்காவாக்குவதென்றும் திட்டம் வகுத்திருக்கிறார்கள். ஆகையால் ஏதென்ஸுக்குப் போகும் வாய்ப்பு உள்ள நேயர்கள், அதற்கு முன்னதாகவே, ஆட்டம் நடக்கும் ஒரு மாலைப் பொழுதாகப் பார்த்து அங்கே போய்விட்டு வருவது நல்லது.