நாக் அவுட் சுற்றில் மணி அடிக்கலாமா?

(முனிர்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

சீட்டாட்டத்துக்கு ஒரு சொற்பொழிவா என்று முன்வரிசை மாமிகள் சிரிப்பது தெரிகிறது. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. வருஷா வருஷம் நாம் நடத்தும் பிரிட்ஜ் போட்டியில் நேரக் கெடு எப்படி இருக்க வேண்டும் என்று செயற்குழு யோசிக்கிறது. சர்க்கார் உத்யோகத்தில் கோப்புகளுக்குக் கெடு வைத்தே காலம் தள்ளியவன் என்பதாலோ என்னவோ, என்னைப் பேசச் சொன்னார்கள்.

சென்ற ஆண்டு அரையிறுதி பலருக்கு நினைவிருக்கும். இரண்டு போர்டு பாக்கி இருக்கையில் மணி அடித்தது. அந்த நிமிஷத்தில் முன்னால் இருந்த அணி ஜெயித்ததாக அறிவித்தார்கள். தோற்ற அணியின் எண்பது வயதுப் பெரியவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அப்புறம் அவர் வாராந்தர ஆட்டத்துக்கும் வருவதில்லை.

நேரக் கெடு எதற்காக ஏற்பட்டது? ஜோடிப் போட்டியில் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஜோடிகள் மேஜை மாற வேண்டும். ஒரு மேஜை தாமதித்தால் அடுத்த மேஜை கை கட்டிக் காத்திருக்கும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் வழியில் நின்றால் பின்னால் வரும் வண்டிகளெல்லாம் நிற்பது போல. அங்கே மணி அடிப்பது நியாயம்தான். சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் பாதிக்கப்படுகிறார்.

நாக் அவுட்டில் அந்த மூன்றாம் மனிதர் யார்? இரண்டே அணிகள், இரண்டு மேஜைகள், இரண்டிலும் ஒரே சீட்டுகள். இவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பது அடுத்த சுற்றும், நம் சமையற்காரரும்தான். ஆனால் போர்டுகளை வெட்டினால் லாபம் யாருக்கு என்று பாருங்கள். எப்போதும் முன்னணியில் இருப்பவருக்கே. அவர் ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தால் போதும், ஜெயித்துவிடலாம்.

என் பேரன் ஆடும் 'மேஜிக் த கேதரிங்' என்ற சீட்டாட்டத்திலும் இதே சங்கடம் உண்டு. லீக் சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிஷம். அதற்கு மேல் ஐந்து முறை ஆடலாம், முடியாவிட்டால் டிரா. நாக் அவுட்டில் டிராவுக்கு இடமில்லை. அதில் ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. இயல்பாக மெதுவாக ஆடுபவருக்கு எச்சரிக்கை. வேண்டுமென்றே நேரம் கடத்துபவருக்குப் போட்டியிலிருந்தே நீக்கம். இரண்டும் ஒரே குற்றமல்ல என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

"சதுரங்கக் கடிகாரம் வைத்துவிடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். சதுரங்கத்தில் 1861-லேயே மணற்கடிகாரம் வந்தது. 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. ஆனால் அங்கே இரண்டே பேர். இங்கே நான்கு பேர், நடுவில் டம்மி வேறு. அதைவிடப் பெரிய விஷயம், பிரிட்ஜில் தயக்கமே ஒரு தகவல். ஏலத்தில் நான் பத்து விநாடி யோசித்துப் 'பாஸ்' சொன்னால், என் கையில் ஏதோ இருக்கிறது என்று ஜோடிக்குத் தெரிந்துவிடும். அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. 1975-இல் பெர்முடா பவுல் உலகப் போட்டியில் ஜோடிகளுக்கு நடுவே திரை வைத்து ஆடத் தொடங்கியதும், ஜோடிக்குள் இப்படித் தகவல் போகக் கூடாது என்பதற்காகத்தான். ஆட்டக்காரரைக் கடிகாரத்தால் விரட்டினால் சுலபமான கையில் பறப்பார், கஷ்டமான கையில் நிற்பார். அந்த வித்தியாசமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஒரே சீரான வேகம்தான் பிரிட்ஜுக்கு அழகு.

விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் கணக்குப் போடாமல் விட மனமில்லை. ஒரு போர்டுக்கு எட்டரை நிமிஷம் என்றால் 510 விநாடி. ஏலத்துக்கு இரண்டு நிமிஷம் போக மிச்சம் 390. பதின்மூன்று பிடிக்குப் பங்கிட்டால் பிடிக்கு 30 விநாடி, சீட்டுக்கு ஏழரை விநாடி. இது தாராளம். வயதானவர்களால் முடியாது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் ஜோடி நமக்குத் தங்கம் வாங்கித் தந்தபோது பர்தனுக்கு வயது 60, சர்க்காருக்கு 56. நம்மில் நேரம் போவது யோசனையில் அல்ல. ஆடி முடித்த போர்டைப் பற்றி வாதம் செய்வதில்தான். அதைக் காப்பி நேரத்துக்கு ஒத்திவைத்தாலே பாதி தாமதம் குறையும்.

ஆகவே என் யோசனை இதுதான். லீக் சுற்றில் மணி இருக்கட்டும். நாக் அவுட்டில் 16 போர்டு என்று அறிவித்தால் 16-ம் ஆடியே தீர வேண்டும். முடிய அரை மணி இருக்கையில் ஓர் எச்சரிக்கை. அதையும் தாண்டினால், தாமதம் எந்த அணியால் என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும், முன்கூட்டியே எழுதி ஒட்டிய விகிதத்தில் இம்ப் புள்ளியைக் குறைக்கலாம். உலகப் போட்டிகளின் நாக் அவுட்டிலும் தாமதத்துக்கு இம்ப் புள்ளிதான் அபராதம். சமநிலை வந்தால் கூடுதல் போர்டுகள். இறுதி ஆட்டத்துக்குக் கெடுவே வேண்டாம்.

ஹால் ராத்திரி 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்கிறார்கள். 16 போர்டுக்கு என் கணக்குப்படி இரண்டேகால் மணிதான். அரையிறுதியைக் காலை 9 மணிக்குத் தொடங்கினால் இழுத்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். இறுதியாட்டத்தை 2 மணிக்கு வைக்கலாம். துவாரகாவிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் வருகிறவர்கள் நிதானமாக மெட்ரோ பிடிக்கலாம். தீர்மானத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது. அந்தப் பெரியவருக்கும் ஒரு பிரதி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.